தென்மேற்கு அமெரிக்கப் பாலைநிலத் தனி மிதிவண்டிப் பயணம்

தென்மேற்கு அமெரிக்கப் பாலைநிலத் தனி மிதிவண்டிப் பயணம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலுள்ள பாலைநிலங்களை ஒருவர் துணையின்றி, தமக்கு வேண்டிய நீர், உணவு, கூடாரம், கருவிகள் ஆகியவற்றைத் தமது மிதிவண்டியிலேயே சுமந்து கடக்கும் நெடுந்தொலைவுப் பயணத்தைக் குறிக்கும். இப்பயணம் பெரும்பாலும் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் பசிபிக் கடற்கரையில் தொடங்கி, அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் ஊடாகச் சென்று, டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரையோ அதற்கு அப்பாலுள்ள ஊர்களையோ அடைகின்றது. எல் பாசோ வரையிலான தொலைவு 1,200 கிமீக்கும் அதிகமாகும். நாளொன்றுக்கு 70 கிமீ ஓட்டுபவருக்கு, ஓய்வு நாள்களையும் சேர்த்து, ஏறத்தாழ மூன்று வாரங்கள் தேவைப்படும்.

இது ஒரு போட்டி அன்று. நல்ல உடல்நலமும் ஓரளவு பயிற்சியும் உடைய எவரும் மேற்கொள்ளக்கூடியதே. எனினும், நீர் கிடைக்கும் இடங்களுக்கு இடையிலான நீண்ட இடைவெளிகளும், தவறு நேரும்போது உதவ அருகில் எவரும் இல்லாமையும் இதனை ஏனைய மிதிவண்டிப் பயணங்களிலிருந்து வேறுபடுத்துகின்றன.

நிலமும் காலநிலையும்

இவ்வழியில் இரண்டு பெரிய பாலைநிலங்கள் அமைந்துள்ளன. தெற்குக் கலிபோர்னியாவின் கிழக்குப் பகுதியும் தெற்கு அரிசோனாவும் சொனோரன் பாலைநிலத்தைச் சேர்ந்தவை. நியூ மெக்சிகோவின் தெற்குப் பகுதியும் மேற்கு டெக்சசும் சிகுவாகுவன் பாலைநிலத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே எல்லையைத் தாண்டி மெக்சிகோவினுள் பரந்துள்ளன.

பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைக் கலிபோர்னியாவின் கரையோர மலைகள் தடுப்பதால், அவற்றின் கிழக்கே மழைமறைவுப் பகுதி உருவாகியுள்ளது. மலைக்கு அப்பாலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 100 மிமீக்கும் குறைவு. கிழக்கே செல்லச் செல்ல நிலம் உயர்கின்றது. மழையும் சற்றுக் கூடுகின்றது. எல் பாசோவில் ஆண்டுக்கு 200 முதல் 250 மிமீ வரை மழை பெய்கின்றது. அரிசோனாவில் 10 மீட்டருக்கும் மேலாக வளரக்கூடிய சாகுவாரோ கள்ளிகளும், சிகுவாகுவன் பகுதியில் புல்வெளிகளும் கிரியோசோட்டு புதர்களும் காணப்படுகின்றன.

பாலைநிலம் என்றவுடன் மணற்குன்றுகளே நினைவுக்கு வந்தாலும், இவ்வழியில் மணற்குன்றுகள் மிகச் சிறிய பகுதியே ஆகும். கலிபோர்னியாவின் அல்கோடோனசு மணற்குன்றுகள் ஏறத்தாழ 70 கிமீ நீளமுடையவை எனினும், சாலை அவற்றைக் குறுக்காகக் கடப்பதால் சில கிலோமீட்டர்களில் முடிந்துவிடுகின்றன. ஏனைய பகுதி கற்கள் நிறைந்த சமவெளியும், வறண்ட ஓடைப்படுகைகளும், தனித்தனியே நிற்கும் மலைத்தொடர்களும் கொண்டது.

பாதையின் வரலாறு

இன்றைய மிதிவண்டிப் பயணி செல்லும் வழி, நீர் கிடைத்த இடங்களை இணைத்து உருவான பழைய வழியாகும். கொலராடோ ஆற்றங்கரையிலும் கிலா ஆற்றங்கரையிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள் ஊற்றுகளையும் ஆற்றங்கரைகளையும் தொடர்ந்து செல்லும் தடங்களைப் பயன்படுத்தினர். 1853 இல் கையெழுத்தான காட்சுடன் ஒப்பந்தத்தின் மூலம் ஐக்கிய அமெரிக்கா மெக்சிகோவிடமிருந்து ஏறத்தாழ 77,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை வாங்கியது. தென்வழித் தொடர்வண்டிப் பாதைக்கு ஏற்ற தாழ்ந்த நிலத்தைப் பெறுவது இதன் முக்கிய நோக்கமாகும். 1858 முதல் 1861 வரை இயங்கிய பட்டர்ஃபீல்டு அஞ்சல் வண்டிகள் எல் பாசோ, டூசான், யூமா வழியாகச் சென்றன. குதிரைகளுக்கு நீர் கிடைக்கும் இடங்களைச் சார்ந்தே அவற்றின் நிலையங்கள் அமைந்தன.

இப்பகுதியில் நீர்ச்சிக்கலைத் தீர்க்க ஐக்கிய அமெரிக்கப் படை 1850களில் ஒட்டகங்களைக் கொண்டுவந்து சோதித்தது. அவற்றுடன் வந்த ஒட்டகமோட்டிகளுள் ஒருவரான ஹாஜி அலி, உள்ளூர் மக்களால் ஹை ஜாலி என அழைக்கப்பட்டார். 1902 இல் இறந்த அவரது கல்லறை, இன்று மிதிவண்டிப் பயணிகள் கடந்து செல்லும் அரிசோனாவின் குவார்ட்சைட்டு என்னும் ஊரில் உள்ளது.

சதர்ன் பசிபிக் தொடர்வண்டிப் பாதை 1877 இல் யூமாவையும், 1880 இல் டூசானையும், 1881 இல் எல் பாசோவையும் அடைந்தது. நீராவி இயந்திரங்களுக்கு அடிக்கடி நீர் நிரப்ப வேண்டியிருந்ததால், பாதை நெடுகிலும் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அமைக்கப்பட்டன. இந்நிறுத்தங்களுள் பல பின்னர் ஊர்களாயின. நியூ மெக்சிகோவின் லார்ட்சுபர்க் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

1894-95 இல் மிதிவண்டியுடன் உலகப் பயணம் மேற்கொண்ட ஆனி லண்டன்டெரி, 1895 இல் கலிபோர்னியாவிலிருந்து அரிசோனா வழியாக எல் பாசோ வந்தடைந்தார். லாத்வியாவில் பிறந்து பாசுடன் நகரில் வாழ்ந்த இவரது இயற்பெயர் ஆனி கோகன் கோப்சோவ்சுக்கி ஆகும். லண்டன்டெரி என்பது இவருக்கு விளம்பரப்பணம் அளித்த ஓர் ஊற்றுநீர் நிறுவனத்தின் பெயர். சாலைகள் இல்லாத அக்காலத்தில் இவர் பெரும்பாலும் தொடர்வண்டிப் பாதையை ஒட்டியே சென்றார். சில பகுதிகளைத் தொடர்வண்டியிலேயே கடந்ததாகவும் கூறப்படுகின்றது. நீரும் ஆளும் இருந்த ஒரே வழி அதுவாகும்.

1926 இல் சான் டியேகோவையும் சவான்னாவையும் இணைத்த 80ஆம் இலக்க நெடுஞ்சாலை உருவாக்கப்பட்டபின், எரிபொருள் நிலையங்களும் உணவகங்களும் இப்பகுதியில் பெருகின. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநிலங்களுக்கிடையிலான விரைவுச்சாலைகள் கட்டப்பட்டபோது, வண்டிகள் சிற்றூர்களில் நிற்காமல் சென்றன. கடைகள் பல மூடப்பட்டன. எனவே நிலப்படத்தில் ஊர்ப்பெயர் இருப்பதனால் மட்டும் அங்கு நீர் கிடைக்கும் எனக் கொள்ள இயலாது. இப்பகுதிப் பயணத்தில் நிகழும் தவறுகளுள் இது முக்கியமானது.

1973 இல் தொடங்கப்பட்ட பைக்சென்டெனியல் என்னும் அமைப்பு, 1976 இல் நாட்டின் 200ஆம் ஆண்டு நிறைவையொட்டி 4,000க்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட குறுக்குநாட்டு மிதிவண்டிப் பயணத்தை நடத்தியது. பின்னாளில் அட்வெஞ்சர் சைக்கிளிங் அசோசியேசன் எனப் பெயர் மாற்றப்பட்ட இவ்வமைப்பு, சான் டியேகோவிலிருந்து புளோரிடாவின் செயின்ட் அகசுடின் வரை எட்டு மாநிலங்களைக் கடக்கும் 'சதர்ன் டியர்' என்னும் வழித்தடத்தின் படங்களை வெளியிட்டது. ஏறத்தாழ 4,900 கிமீ நீளமுள்ள அத்தடத்தின் மேற்குப் பகுதியே இக்கட்டுரையில் கூறப்படும் பாலைநில வழியாகும்.

வழித்தடம்

பெரும்பாலான பயணிகள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்கின்றனர். இப்பகுதியில் மேற்குக் காற்று மிகுதியாக வீசுவதே இதற்குக் காரணமாகும். வழித்தடத்தின் முக்கிய பகுதிகள் பின்வருமாறு:

* சான் டியேகோ முதல் ஒகோட்டியோ வரை: கடல்மட்டத்தில் தொடங்கும் பாதை 1,250 மீட்டருக்கு மேல் ஏறி, பின் பாலைநிலத்துக்குச் செங்குத்தாக இறங்குகின்றது. இறக்கத்தின்போது சில மணித்துளிகளிலேயே வெப்பநிலை கூடுவதை உணரலாம்.
* இம்பீரியல் பள்ளத்தாக்கு: இங்குள்ள எல் சென்ட்ரோ, பிராலி ஆகிய ஊர்கள் கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்துள்ளன. 1930களில் கட்டத் தொடங்கிய ஆல் அமெரிக்கன் கால்வாய் கொலராடோ ஆற்றுநீரை இங்கு கொண்டுவருகின்றது. சாலையோரக் கால்வாய்களில் நீர் நிறைந்திருந்தாலும், உரமும் பூச்சிகொல்லியும் கலந்திருக்கக்கூடிய அந்நீர் குடிப்பதற்கு உகந்ததன்று.
* பிராலி முதல் பிளைத் வரை: மணற்குன்றுகளின் அருகிலுள்ள கிளாமிசு என்னும் சிறு இடத்துக்கும் பாலோ வெர்டே என்னும் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 60 கிமீ தொலைவுக்கு நீர் இல்லை. சாலை குறுகியது; தொடர்ந்து ஏறி இறங்குவது.
* கொலராடோ ஆறு முதல் குளோப் வரை: பாதை குவார்ட்சைட்டு, விக்கன்பர்க் வழியாகப் பீனிக்சு நகரின் புறநகர்களைக் கடந்து சுப்பீரியர், குளோப் ஆகிய சுரங்க ஊர்களை அடைகின்றது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே குறுகிய சுரங்கச்சாலை ஒன்றும் உள்ளது.
* சஃபோர்டு முதல் எல் பாசோ வரை: சில்வர் சிட்டிக்கு அருகே கண்டப் பிரிகோட்டைக் கடந்த பின், 2,508 மீட்டர் உயரமுள்ள எமரி கணவாயை அடையவேண்டும். அதன்பின் ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மிளகாய் வயல்களுக்குப் புகழ்பெற்ற ஹேட்ச் வழியாகப் பாதை தெற்கே செல்கின்றது.
* எல் பாசோவுக்கு அப்பால்: மேற்கு டெக்சசில் இடைவெளிகள் மேலும் நீள்கின்றன. சாண்டர்சன், லாங்டிரி ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 95 கிமீ ஆகும்.

நீர்க்கணக்கு

பாலைநிலத்தில் கடினமாக மிதிவண்டி ஓட்டும் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் அல்லது அதற்கு மேல் வியர்வையை இழக்கக்கூடும். இதன் காரணம் எளியது. தசைகள் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காட்டை மட்டுமே மிதிப்பதற்குப் பயன்படுத்துகின்றன, எஞ்சியது வெப்பமாகின்றது. 100 வாட்டு ஆற்றலில் மிதிப்பவரின் உடலில் 300 முதல் 400 வாட்டு வெப்பம் உண்டாகின்றது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் நீங்குவதால், இவ்வெப்பத்தை மட்டும் நீக்கவே மணிக்கு அரை லிட்டர் தேவைப்படும். வெயிலும் சுடுகாற்றும் சேர்க்கும் வெப்பம் இதற்கு மேற்பட்டதாகும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான ஏறத்தாழ 35 பாகை செல்சியசைத் தாண்டினால், வீசும் காற்று உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடாக்கும். அப்போது குளிர்விப்பது வியர்வை மட்டுமே.

நீர் செலவாவது கடக்கும் தொலைவைப் பொறுத்தன்று, கழியும் நேரத்தைப் பொறுத்தே என்பதைப் பயணி முதலில் உணரவேண்டும். மேலே கூறிய 60 கிமீ இடைவெளியை எடுத்துக்கொள்வோம். காற்றில்லாத காலையில் மணிக்கு 18 கிமீ வேகத்தில் செல்பவர் அதனை மூன்றரை மணிநேரத்துக்குள் கடப்பார். நான்கு லிட்டர் நீர் போதுமானது. எதிர்க்காற்றினால் வேகம் மணிக்கு 8 கிமீ ஆகக் குறைந்தால், அதே தொலைவுக்கு ஏழரை மணிநேரம் ஆகும். ஏழரை லிட்டர் நீர் தேவைப்படும். சாலை மாறவில்லை; தேவை ஏறத்தாழ இருமடங்காகின்றது.

இப்பயணி ஆறு லிட்டர் நீருடன் புறப்பட்டதாகவும், தொடக்கத்திலேயே எதிர்க்காற்று வீசியதாகவும் கொள்வோம். இரண்டு மணிநேரத்தில் அவர் 16 கிமீ கடந்திருப்பார். இரண்டு லிட்டர் செலவாகி, நான்கு லிட்டர் எஞ்சியிருக்கும். எஞ்சிய 44 கிமீக்கு ஐந்தரை மணிநேரமும் ஐந்தரை லிட்டர் நீரும் வேண்டும். அவரிடம் அது இல்லை. திரும்பினாலோ பின்காற்றின் உதவியால் ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் புறப்பட்ட இடத்தை அடையலாம். மூன்றில் இரண்டு பங்கு நீர் கையில் இருக்கும்போதே, களைப்போ தாகமோ இல்லாத நிலையிலேயே, திரும்பவேண்டிய வேளை வந்துவிடுகின்றது. நீர் குறைந்துவிட்டதை உணரும்வரை காத்திருப்பவர், திரும்புவதற்கும் முன்செல்வதற்கும் நீர் போதாத இடத்தில் நிற்பார்.

எனவே ஒவ்வொரு இடைவெளியையும் தொடங்குமுன், எதிர்பார்க்கும் வேகத்தைக் கொண்டன்றி, மிகக் குறைந்த வேகத்தைக் கொண்டு நீரைக் கணக்கிடுவதும், முதல் ஒரு மணிநேரத்தின் முடிவில் அக்கணக்கை மீண்டும் சரிபார்ப்பதும் நல்ல வழக்கமாகும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் எடையுள்ளது. எட்டு லிட்டரைச் சுமப்பது ஏற்றங்களில் வேகத்தைக் குறைத்தாலும், நீண்ட இடைவெளிகளில் இதனைத் தவிர்க்க இயலாது.

வெப்பமும் உடலும்

வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால், தோல் ஈரமாகத் தோன்றுவதில்லை. இதனால் இழக்கும் நீரின் அளவைப் பயணி குறைவாக மதிப்பிடுகின்றார். ஆடையில் படியும் வெண்மையான உப்புத்தடம் இவ்விழப்பைக் காட்டும். வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால், வெறும் நீரை மட்டும் மிகையாகக் குடிப்பது குருதியிலுள்ள சோடியத்தின் அளவை ஆபத்தான நிலைக்குக் குறைக்கக்கூடும். உப்பிட்ட உணவும் உப்புக்கரைசல்களும் இதன் பொருட்டே எடுத்துச் செல்லப்படுகின்றன.

வெப்பக்களைப்பின் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியனவாகும். உடலின் உள்வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டி, மனக்குழப்பமும் தடுமாற்றமும் தோன்றினால் அது வெப்பத்தாக்கு எனப்படும். இது உயிருக்கு ஆபத்தானது. உடனே உடலைக் குளிர்வித்து மருத்துவ உதவி பெறவேண்டும்.

பருவமும் காற்றும்

அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. கோடையில் தாழ்ந்த பகுதிகளைக் கடப்பது தவிர்க்கப்படவேண்டும். 2023 இல் பீனிக்சு நகரில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள்கள் வெப்பநிலை 43.3 பாகை செல்சியசை எட்டியது அல்லது தாண்டியது. இத்தகைய நாள்களில் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிட மிகவும் சூடாகின்றது.

குளிர்காலத்திலோ உயர்ந்த பகுதிகளில் இரவில் நீர் உறையும். எமரி கணவாயில் பனி பெய்வதுண்டு. நவம்பர், டிசம்பர் மாதங்களில் பகற்பொழுது குறைவு என்பதால் ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவும் குறையும். வசந்த காலத்தில் பலத்த காற்றும் புழுதிப்புயலும் வீசுகின்றன. லார்ட்சுபர்க்கு அருகிலுள்ள வறண்ட ஏரிப்படுகையில் எழும் புழுதி, பார்வைத் தொலைவைச் சில மீட்டர்களாகக் குறைத்துவிடும். அப்போது சாலையிலிருந்து இயன்றவரை விலகி நிற்பதே பாதுகாப்பானது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் இடிமழையினால் வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். மழை பல கிலோமீட்டர் தொலைவில் பெய்தாலும் வெள்ளம் வரக்கூடும் என்பதால், ஓடைப்படுகையில் கூடாரம் அமைக்கலாகாது.

மிதிவண்டியும் சுமையும்

பயணத்துக்கான மிதிவண்டிகள் பொதுவாக எஃகுச் சட்டமும், சுமையுடன் ஏற்றம் ஏறுவதற்கான தாழ்ந்த கியர்களும், அகன்ற டயர்களும் கொண்டவை. சுமை, முன்னும் பின்னும் பொருத்தப்படும் பக்கப்பைகளில் பகிர்ந்து வைக்கப்படுகின்றது.

டயரில் துளை விழுவதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, விரைவுச்சாலையின் ஓரத்தில் சிதறிக்கிடக்கும், வெடித்த சரக்குந்து டயர்களின் மெல்லிய எஃகுக் கம்பிகள். மற்றொன்று, இப்பகுதியில் பரவியுள்ள ஓர் அயல்நாட்டுச் செடியின் முட்காய்கள். இச்செடி தமிழர் நன்கறிந்த நெருஞ்சியே ஆகும். சாலையை விட்டு மண்ணில் உருட்டிச் சென்றால் ஒரே தடவையில் பல முட்கள் தைக்கும். எனவே மிதிவண்டியைத் தூக்கிச் செல்வது வழக்கம். மாற்று டியூப்கள், ஒட்டுத்துண்டுகள், காற்றடிப்பான், ஆரக்கம்பிகள், சங்கிலி இணைப்புகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்லவேண்டும். மிதிவண்டிக் கடைகள் பெரும்பாலும் பெரிய ஊர்களிலேயே உள்ளன.

தனிமையின் விளைவுகள்

குழுவாகச் செல்பவர்கள் கூடாரம், அடுப்பு, கருவிகள் ஆகியவற்றின் எடையைப் பகிர்ந்துகொள்கின்றனர். எதிர்க்காற்றில் ஒருவர்பின் ஒருவராகச் சென்று காற்றின் தடையைக் குறைக்கின்றனர். தனிப்பயணிக்கு இவ்விரண்டும் இல்லை.

இவற்றைவிடப் பெரிய வேறுபாடு தீர்மானம் எடுப்பதிலேயே உள்ளது. வெப்பத்தாக்கு முதலில் பாதிப்பவற்றுள் ஒன்று பகுத்தறியும் திறனாகும். துணைவர் இருந்தால், பேச்சுக் குழறுவதையோ வண்டி தடுமாறுவதையோ அவர் கவனித்துவிடுவார். தனியே செல்பவரின் நிலையைக் கவனிக்கவேண்டிய மனமே அப்போது குழம்பியிருக்கும். ஆகவே அனுபவமுள்ள தனிப்பயணிகள் சில விதிகளைத் தெளிந்த நிலையில் முன்கூட்டியே வகுத்துக்கொள்கின்றனர். எந்த நேரத்தில் எவ்வளவு நீர் இருந்தால் திரும்புவது, எந்த வெப்பநிலையில் நிழலில் நின்றுவிடுவது, எந்த அறிகுறி தோன்றினால் வண்டிகளை நிறுத்தி உதவி கேட்பது என்பன அவ்விதிகள். சாலையில் அவற்றை மறுபரிசீலனை செய்வதில்லை.

பல இடங்களில் கைப்பேசி இணைப்புக் கிடைப்பதில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் இருப்பிடமும் அனுப்பும் சிறு கருவிகள் இக்குறையை ஓரளவு போக்குகின்றன. எனினும் உதவி வந்துசேர மணிக்கணக்கில் ஆகலாம். அதுவரை தேவைப்படும் நீரைக் கருவியால் தர இயலாது. ஒவ்வொரு நாளும் செல்லும் வழியையும் சேரும் நேரத்தையும் ஒருவருக்கு அறிவித்துவிட்டுப் புறப்படுவது இன்றும் பயனுள்ள வழக்கமாகும்.

சாலை விதிகளும் தங்குமிடமும்

ஐக்கிய அமெரிக்காவின் பல பகுதிகளில் விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் ஊர்ப்புறங்களில் பெரும்பாலும் அனுமதி உண்டு. கலிபோர்னியாவில் மாற்றுச்சாலை இல்லாத சில பகுதிகளில் மட்டும் அனுமதிக்கப்படுகின்றது. விரைவுச்சாலையின் அகன்ற ஓரப்பட்டை, ஓரப்பட்டையே இல்லாத சிறு நெடுஞ்சாலைகளைவிடச் சில வேளைகளில் பாதுகாப்பானது. குளிர்கால வார இறுதிகளில் மணற்குன்றுகளுக்கு இழுவண்டிகளுடன் மிகுதியானோர் வருவதால், கிளாமிசு வழிச் சாலையை வேலைநாள்களில் கடப்பது நல்லது.

கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்கு உட்பட்ட பல நிலங்களில் 14 நாள்கள் வரை கட்டணமின்றிக் கூடாரமிட்டுத் தங்கலாம். பழங்குடியினரின் நிலங்களிலும் தனியார் நிலங்களிலும் உரியவரின் அனுமதி தேவை. தன்னார்வ விருந்தோம்பல் வலையமைப்பான வார்ம் சவர்சு மூலம் பயணிகள் சில ஊர்களில் வீடுகளில் தங்குகின்றனர். அவ்வீட்டாரிடமும் சாலையோரக் கடைக்காரரிடமும் அடுத்த ஊரில் எந்தக் கடை திறந்திருக்கிறது, எந்தக் குழாயில் நீர் வருகிறது எனக் கேட்டறிவது பயணத்தின் முக்கிய பகுதியாகும். நிலப்படம் அச்சிடப்பட்டபின் மூடப்பட்ட கடையைப் பற்றி அவர்களே அறிவர்.